ஏழாவது இன்னிங்ஸ் பாட்டு டிவியில் ஏன் வருவதில்லை?

வணக்கம் நண்பரே. பேஸ்பால் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் வந்ததும் டிவியில் விளம்பரம் ஓடுகிறது, பாட்டைக் கேட்கவே முடியவில்லை, அடுத்த வாரம் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்துக்குப் போகும்போது பாட எப்போது எழுந்து நிற்பது என்று கேட்டிருந்தீர்கள்.

டிவியில் கோளாறு ஒன்றும் இல்லை. விருந்தாளி அணி ஏழாவது இன்னிங்ஸில் ஆடி முடித்து, உள்ளூர் அணி ஆட வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியில்தான் பாடுவார்கள். விளம்பரம் போடும் நேரமும் அதேதான். மைதானத்தில் விருந்தாளி அணிக்கு மூன்றாவது அவுட் விழுந்து அவர்கள் முறை முடிந்ததும் எழுந்துவிடுங்கள்.

பாட்டு 1908-இல் வந்த 'டேக் மீ அவுட் டு த பால் கேம்'. அதைக் கூட்டத்தோடு பாடும் வழக்கத்தைப் பெரிதாக்கியவர் வர்ணனையாளர் ஹாரி கேரி. சிகாகோவின் வைட் சாக்ஸ் அணியில் இருந்தபோது அவர் தன்பாட்டுக்குப் பாடுவதைக் கவனித்த அணி உரிமையாளர் பில் வெக், 1976-இல் அவருக்குத் தெரியாமலே மைக்கைத் திறந்துவிட்டார்! 1982-இல் கேரி, ரிக்லி ஃபீல்டில் ஆடும் கப்ஸ் அணிக்கு வந்தார். டபிள்யூஜிஎன் டிவி அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அவர் 1998-இல் மறைந்த பிறகு விருந்தினர்கள் வந்து வர்ணனை அறையிலிருந்து பாடுகிறார்கள். சுருதி தப்பினாலும் யாரும் கண்டுகொள்வதில்லை, நீங்களும் தயங்காமல் பாடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: பாட்டில் 'ஹோம் டீம்' என்று வரும் இடத்தில் அங்கே எல்லோரும் கப்ஸின் செல்லப்பெயரான 'கப்பீஸ்' என்பார்கள். அடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போது விரலை நீட்டிக் கையை உயர்த்துங்கள்.

அப்புறம், கப்ஸ் ஜெயித்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஸ்டீவ் குட்மன் 1984-இல் எழுதிய 'கோ கப்ஸ் கோ' அப்போதுதான் ஒலிக்கும். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.