உதடு பாடுது, மனம் அடுப்பங்கரையில் நிற்குது

சகோதரி, ஆராதனையில் மனம் எங்கோ ஓடி, சபையாகச் சொல்லும் பாவ அறிக்கை முடிந்ததே தெரியாமல் அடுத்த பாட்டுக்கு எழுந்து நிற்கிறேன், இது மாய்மாலமா (வெளிவேஷமா), சபை மாறட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம். கவனம் சிதறுவது வேறு, மாய்மாலம் வேறு.

'இருதயமோ தூரமாய் விலகியிருக்கிறது' என்ற ஏசாயா 29:13-ஐ இயேசு எடுத்துச் சொன்ன இடத்தைப் பாருங்கள், மாற்கு 7. அங்கே பிரச்சினை கவனக்குறைவு இல்லை. 'கொர்பான்', அதாவது 'இது தேவனுக்குக் காணிக்கை', என்று சொல்லிவிட்டுப் பெற்றோருக்குச் செய்யவேண்டியதை நிறுத்தினவர்களைத்தான் கண்டித்தார். அதனால் முதலில் பார்க்கவேண்டியது வீட்டில் யாரோடாவது பேச்சு நின்றுபோயிருக்கிறதா என்பது. மத்தேயு 5:23-24 சொல்கிற வரிசையும் அதுதான்: ஒப்புரவு முதலில், காணிக்கை பிறகு.

கவனத்துக்கு வழி உண்டு. சனி இரவே மறுநாள் ஆராதனையில் வரும் வேதாகமச் சங்கீதத்தை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். கடைசி மணிக்கு ஓடி வந்தால் முதல் கால்மணி நேரம் மூச்சு வாங்கவே சரியாகிவிடும். பொதுப் பாவ அறிக்கைக்கு முன் அந்த வாரத்துத் தவறு ஒன்றை மனதில் பெயர் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். 'பல பாவங்கள்' என்று பொதுவாக நினைப்பதால்தான் வார்த்தை வழுக்கிப் போகிறது. நடுவில் மனம் ஓடினால் விட்ட வரியைத் தேடாதீர்கள். தேடினால் அடுத்ததும் போய்விடும். சபை சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தையில் சேர்ந்துகொள்ளுங்கள்.

உணர்ச்சி வரவில்லையே என்ற கவலை வேண்டாம். 'என் ஆத்துமாவே, ஏன் கலங்குகிறாய்' என்று 42-ம் சங்கீதக்காரன் தன்னிடமே பேசுகிறான். உள்ளம் உருகின பிறகு பாடினவன் அல்ல.