எந்த கார்டு லாபம்? போன வருட ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்கள்

கிரெடிட் கார்டு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கணக்குகளில் வெறும் எண்களை மட்டும் போட்டிருக்கிறோம். உங்கள் கார்டின் எண்களை அந்த இடத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு கார்டுகளில் ஒன்றை எடுக்கலாம் என்றிருக்கிறேன். முதலாவதுக்கு வருடக் கட்டணம் கிடையாது, எல்லாச் செலவுக்கும் 1 சதவீதம் கேஷ்பேக். இரண்டாவதுக்கு வருடம் 2,000 கட்டணம், 2 சதவீதம் கேஷ்பேக். என் கார்டு செலவு வருடத்துக்கு 2,40,000. இரண்டாவதுதானே லாபம்?

மேலோட்டமாகப் பார்த்தால் ஆமாம். கட்டண வித்தியாசத்தைக் கேஷ்பேக் வித்தியாசத்தால் வகுத்தால் 2,000 ÷ 0.01 = 2,00,000 வருகிறது. அதற்கு மேல் செலவு செய்பவருக்குக் கட்டணக் கார்டு கட்டுப்படியாகும். உங்களுக்கு 4,800 கேஷ்பேக்கில் கட்டணம் போக 2,800 நிற்கும். இலவசக் கார்டில் 2,400 தான்.

ஆனால் முடிவெடுப்பதற்கு முன் அந்த 2 சதவீதம் எதற்கெல்லாம் கிடையாது என்ற பட்டியலைத் தேடிப் படியுங்கள். விளம்பரத்தில் அது இருக்காது, விதிமுறைகளின் உள்ளே இருக்கும். வீட்டு வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, இன்ஷூரன்ஸ் பிரீமியம், வரி கட்டுவது ஆகியவை அந்தப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறுகின்றன. உங்கள் செலவில் கால் பங்கு, அதாவது 60,000, இப்படி விலக்கப்பட்டால் என்ன ஆகும்? மீதி 1,80,000க்கு 3,600 வரும், கட்டணம் போக 1,600 நிற்கும். எல்லாச் செலவுக்கும் கொடுக்கிற இலவசக் கார்டு 2,400 தருகிறது. 400 லாபம் என்று நினைத்த இடத்தில் 800 நஷ்டம். கால் பங்கு விலக்கு இருந்தால் இரண்டு கார்டும் சமமாக நிற்கும் புள்ளி 2,00,000 அல்ல, 4,00,000. கட்டணத்துக்கு மேல் வரியும் உண்டென்றால் அது இன்னும் மேலே போகும்.

இன்னொரு இடறல், மாத உச்சவரம்பு. மாதம் அதிகபட்சம் 300 கேஷ்பேக் என்றிருந்தால், 2 சதவீதக் கார்டில் அது 15,000 செலவோடு தீர்ந்துவிடும். காலேஜ் ஃபீஸ் 60,000 கட்டுகிற மாதத்தில் 1,200 வரும் என்று காத்திருப்பீர்கள், 300 தான் வரும். வருடக் கூட்டுத்தொகையை 12ஆல் வகுத்துப் பார்த்தால் இது கண்ணில் படாது. அதனால் கணக்கை மாதவாரியாகப் போடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். போன 12 மாத ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மாதச் செலவையும் மளிகை, பெட்ரோல், ஆன்லைன், பயணம், மற்றவை என்று பிரித்து எழுதுங்கள். பக்கத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பத்தி போட்டு, விலக்கையும் உச்சவரம்பையும் கழித்து நிஜமாகக் கிடைக்கப்போகும் தொகையை நிரப்புங்கள். சேர்ந்தவுடன் தருகிற போனஸை இதில் கலக்காதீர்கள். அது முதல் வருடத்தோடு சரி, கட்டணமோ வருடா வருடம் வரும். 'இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி' என்பதும், நீங்கள் எப்படியும் அந்த அளவுக்குச் செலவு செய்பவர் என்றால் மட்டுமே கணக்கில் சேரும்.

கேள்வி: மளிகைக்கு 5 சதவீதம் என்று சொன்ன கார்டில், மளிகை வாங்கியும் எனக்கு 1 சதவீதம்தான் வந்தது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இதற்குக் காரணம் கடையின் வகைக் குறியீடு. கார்டில் பணம் பெறும் ஒவ்வொரு வியாபாரிக்கும் நான்கு இலக்க எண் ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் பையில் என்ன போட்டீர்கள் என்பது கார்டு கொடுத்த வங்கிக்குத் தெரியாது, அந்த எண்தான் தெரியும். துணி, பாத்திரம், மளிகை எல்லாம் விற்கிற பெரிய கடை 'பல்பொருள் அங்காடி' என்று பதிவாகியிருந்தால், அங்கே வாங்கிய அரிசியும் மளிகைக் கணக்கில் வராது. வழக்கமாகப் போகும் கடையில் ஒரு சின்னத் தொகைக்கு வாங்கி, ஸ்டேட்மென்ட்டில் எத்தனை சதவீதம் விழுகிறது என்று பார்த்துவிட்டுப் பெரிய செலவை அங்கே கொண்டு போங்கள்.

கேள்வி: '150க்கு 4 பாயின்ட்' என்கிறார்கள். இது நல்ல விகிதமா?

பாயின்ட் எண்ணிக்கையை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. ஒரு பாயின்ட்டின் மதிப்பு என்ன என்பதுதான் கேள்வி. அந்தக் கார்டின் பரிசுப் பட்டியலைத் திறந்து, நீங்கள் உண்மையிலேயே வாங்கக்கூடிய ஒரு பொருளைப் பாருங்கள். வெளியே 1,500க்குக் கிடைக்கிற பை அங்கே 6,000 பாயின்ட் என்றால், ஒரு பாயின்ட் 0.25. அப்படியானால் 150க்கு 4 பாயின்ட் என்பது 150க்கு 1, அதாவது 0.67 சதவீதம். நேரடியாக 1 சதவீதம் கேஷ்பேக் தரும் கார்டை விடக் குறைவு.

அதே பாயின்ட் விமான டிக்கெட்டுக்கு ஒரு மதிப்பும், பில்லில் கழித்துக்கொள்ள வேறொரு மதிப்பும் பெறலாம். விமானத்தில் போகாதவர் டிக்கெட் மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறக் கூடாது. நீங்கள் பயன்படுத்தப்போகும் வழியின் மதிப்பையே எடுங்கள்.

முழு 150க்குத்தான் பாயின்ட் என்பதையும் கவனியுங்கள். 149க்கு வாங்கினால் பூஜ்யம், 290க்கு வாங்கினால் 4 மட்டும். சின்னச் சின்னச் செலவு செய்பவருக்கு இந்த உதிர்வு நிறையவே இருக்கும். காலாவதித் தேதி, பாயின்ட்டை மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பாயின்ட்டைச் சேர்த்து வைப்பதில் பயனில்லை. அதற்கு வட்டி கிடையாது, மதிப்பைக் குறைக்கும் உரிமையும் வங்கியிடம் இருக்கிறது.

கேள்வி: மினிமம் டியூ (பில்லில் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை) மட்டும்தான் கட்ட முடிகிறது. பாக்கி 50,000 இருக்கிறது. நல்ல ரிவார்டு தரும் கார்டுக்கு மாறினால் சமாளிக்கலாமா?

ரிவார்டு உங்கள் நிலைமைக்கு உதவாது. மாத வட்டி 3 சதவீதம், மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் 2,500 கட்டுகிறீர்கள். அதில் 1,500 வட்டிக்கே போகும், அசலில் குறைவது 1,000 தான். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 42.6 சதவீதம் ஆகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பாக்கி இருக்கும்போது, வட்டியில்லாக் கெடு, அதாவது பில்லை முழுவதும் கட்டுபவருக்குக் கெடு தேதி வரை வட்டி இல்லை என்ற சலுகை, பொதுவாகப் புதுச் செலவுக்கும் போய்விடும். இன்று வாங்குகிற பொருளுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். 10,000க்கு வாங்கி 100 கேஷ்பேக் பெற்றால், ஒரு மாத வட்டி மட்டும் 300. அதனால் முதலில் அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்குவதை நிறுத்துங்கள். அதை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். அதற்குத் தனிக் கட்டணம், வட்டியும் முதல் நாளிலிருந்தே.

நீங்கள் ஒப்பிட வேண்டியது பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டுக்கு மாற்றும் வசதிகளை. 2 சதவீதக் கட்டணத்தில் 6 மாதம் வட்டியில்லாமல் தருகிற கார்டுக்கு 50,000ஐ மாற்றினால் செலவு 1,000. மாதம் 8,334 கட்டினால் ஆறாவது மாதம் கடன் தீரும். அதே 8,334ஐப் பழைய கார்டிலேயே கட்டினால், ஆறு மாதத்தில் சுமார் 5,800 வட்டி போயிருக்கும், அந்த அளவுக்குப் பாக்கியும் மிஞ்சும். புதுக் கார்டில் தவணைத் தேதி ஒன்று தவறினாலும் சலுகை வட்டி ரத்தாகலாம். தேதிக்கு ஆட்டோ பே போட்டுவிடுங்கள், அந்தக் கார்டிலும் புதுச் செலவு வேண்டாம். மாதம் 8,334 முடியாது என்றால், கார்டு வட்டியை விடக் குறைந்த வட்டியில் தனிநபர் கடன் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: வெளிநாடு போகிறேன். கடையில் 'உங்கள் ஊர்ப் பணத்தில் பில் போடட்டுமா?' என்று மெஷின் கேட்குமாமே?

வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர்ப் பணத்தில் மாற்றினால் மாற்று விகிதத்தைக் கடையின் தரப்பில் வைப்பார்கள், அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தை முதலில் பாருங்கள். 3.5 சதவீதம் பிடித்துக்கொண்டு 2 சதவீதம் திருப்பித் தருகிற கார்டில் நீங்கள் 1.5 சதவீதம் கையிலிருந்து கட்டுகிறீர்கள்.

கேள்வி: புதுக் கார்டு வந்துவிட்டது. பழையதை மூடிவிடலாமா?

பழையதற்குக் கட்டணம் இல்லையென்றால் வைத்திருங்கள். மூடினால் உங்கள் மொத்த லிமிட் குறையும், அதே செலவு லிமிட்டில் பெரிய பங்காகத் தெரிந்து கிரெடிட் ஸ்கோர் (கடன் கொடுப்பவர்கள் உங்கள் நம்பகத்தைப் பார்க்கும் மதிப்பெண்) இறங்கக்கூடும். கட்டணக் கார்டு என்றால், அடுத்த கட்டணம் விழுவதற்கு முன்பே கேட்டு, கட்டணமில்லா வகைக்கு மாற்றித் தருவார்களா என்று பாருங்கள். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் பாயின்ட்டை முதலில் தீர்த்துவிடுங்கள். அதில் ஓடும் மாதச் சந்தாக்களைப் புதுக் கார்டுக்கு மாற்றுங்கள். பாக்கி பூஜ்யம் என்று தெரிந்த பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட் வரை காத்திருங்கள், கட்டிய தேதிக்கு முந்தைய சில நாள் வட்டி அதில் வந்து நிற்கலாம். அதையும் கட்டிவிட்டு, கணக்கு மூடப்பட்டது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.