ஒரு ப்ராஜெக்ட், பல ஜார்கள்: மேவன், ஐவி, கிரேடில் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மேவனில் (ஐவி, கிரேடில் போல ஜாவா நூலகங்களை வெளியிட உதவும் கருவி) மெயின் ஜாரோடு (ஜாவா நிரலைக் கட்டிய கோப்பு) சோர்ஸ் ஜார் (மூல நிரல்), ஜாவாடாக் ஜார் (விளக்க ஆவணம்) இரண்டையும் வெளியிடணும். பாம் கோப்பு (நூலகத்தின் பெயர், பதிப்பு, அதற்கு வேண்டிய பிற நூலகங்கள் இவற்றைச் சொல்லும் கோப்பு) மூன்று எழுதணுமா?

பதில்: ஒன்றே போதும். சோர்ஸ் பிளகின், ஜாவாடாக் பிளகின் இரண்டையும் சேர்த்தால் அந்த ஜார்கள் கிளாசிஃபையரோடு (ஒரே பதிப்பின் ஜார்களைப் பிரித்துக்காட்டும் பெயர் ஒட்டு) தாமாகவே இணைந்துவிடும். மேவன் சென்ட்ரலுக்கு (எல்லோரும் நூலகங்களை எடுக்கும் பொதுக் களஞ்சியம்) இந்த இரண்டும் ஜிபிஜி (டிஜிட்டல்) கையொப்பங்களும் கட்டாயம். அங்கே ரிலீஸ் ஆன பதிப்பைத் திருத்த முடியாது, நீக்கவும் முடியாது. சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: ஐவியில் பப்ளிஷ் செய்தால் ஒரு ஜார் மட்டும்தான் போகிறது. சோர்ஸ் ஜார் ஃபோல்டரில் இருந்தும் எடுப்பதில்லை.

பதில்: உங்கள் ஐவி கோப்பில் பப்ளிகேஷன்ஸ் பகுதி இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால், மாட்யூல் பெயரில் ஒரே ஒரு ஜார் இருப்பதாக ஐவி எடுத்துக்கொள்ளும். அந்தப் பகுதியை எழுதி ஒவ்வொரு ஆர்ட்டிஃபேக்டுக்கும் (வெளியிடும் கோப்பு) பெயர், டைப், எக்ஸ்டென்ஷன், கான்ஃப் (அது சேரும் கான்ஃபிகரேஷன், அதாவது கோப்புத் தொகுப்பு) கொடுங்கள். சோர்ஸுக்குத் தனி கான்ஃபிகரேஷன் வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஜாரைக் கேட்கிற எல்லோருக்கும் சோர்ஸும் சேர்ந்து இறங்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் பேட்டர்ன், அதாவது கோப்பின் பாதையை எழுதும் அச்சு. பேட்டர்ன்கள் இரண்டு: எங்கிருந்து எடுப்பது என்று பப்ளிஷ் டாஸ்க்கில் ஒன்று, எங்கே வைப்பது என்று ரிசால்வரில் (களஞ்சியம் எங்கே என்று ஐவிக்குச் சொல்லும் அமைப்பு) ஒன்று. இரண்டு ஜாருக்கும் பெயர் ஒன்றாக இருந்து, எடுக்கும் பேட்டர்னில் டைப்போ கிளாசிஃபையரோ இல்லையென்றால், சோர்ஸ் என்ற பெயரில் மெயின் ஜாரே போய்ச் சேரும். இரண்டு பேட்டர்னையும் திருத்துங்கள்.

கேள்வி: கிரேடிலில்?

பதில்: 6.0 முதல் வித்சோர்சஸ்ஜார், வித்ஜாவாடாக்ஜார் என்று இரண்டு வரி. மேவன்-பப்ளிஷ் பிளகின் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பழைய மேவன் பிளகின் 7.0இல் நீக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: ஆண்ட்ராய்டுக்கு ஒரு ஜார், சர்வருக்கு ஒரு ஜார். கிளாசிஃபையர் போதும்தானே?

பதில்: இரண்டுக்கும் டிபென்டென்சி (ஓட வேண்டிய பிற நூலகங்கள்) ஒன்றேயானால் போதும். மாறினால் தனக்கென்று பாம் உள்ள தனி மாட்யூல்தான். கிளாசிஃபையர் எத்தனை வைத்தாலும் பாம் ஒன்றுதான், ஆகவே சர்வருக்கு மட்டும் வேண்டிய நூலகம் ஆண்ட்ராய்டிலும் இறங்கும்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். நெட்டியின் (ஜாவா நெட்வொர்க் நூலகம்) டிசிநேட்டிவ் பகுதி கிளாசிஃபையரில்தானே வருகிறது?

பதில்: அங்கே லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று உள்ளே இருக்கும் நேட்டிவ் பைனரிதான் (அந்தந்த இயங்குதளத்துக்கான கோப்பு) மாறுகிறது. கிளாசிஃபையர் அதற்கென்றே இருப்பது.

கேள்வி: அப்படியானால் கூகுளின் ஜாவா நூலகமான குவாவா? தனி மாட்யூல் இல்லாமல் பதிப்பு எண்ணிலேயே ஜேஆர்இ (சர்வர் போன்ற வழக்கமான ஜாவா), ஆண்ட்ராய்டு என்று பிரித்திருக்கிறார்களே?

பதில்: நல்ல உதாரணம். அதனால் வந்த தொல்லையையும் பாருங்கள். ஒரு நூலகம் ஜேஆர்இ வகையையும் இன்னொன்று ஆண்ட்ராய்டு வகையையும் கேட்டால், கருவிக்கு அது வெறும் பதிப்பு மோதல். மேவன் டிபென்டென்சி மரத்தில் பக்கத்தில் இருப்பதை எடுக்கும், கிரேடில் பெரிய எண்ணை எடுக்கும். உங்கள் கோடு எங்கே ஓடப்போகிறது என்பது அந்தக் கணக்கில் வராது. இதைத் தீர்க்கத்தான் 32.1.0 முதல் குவாவா கிரேடில் மாட்யூல் மெட்டாடேட்டாவையும் (எந்த வகை எதற்கு என்று சொல்லும் கோப்பு) வெளியிடுகிறது. கிரேடில் அதைப் படித்துச் சரியான வகையை எடுக்கும். மேவன் அதைப் படிப்பதில்லை. உங்கள் நூலகத்தை மேவன்காரர்களும் எடுப்பார்கள் என்றால் என் பதில் மாறாது: தனி மாட்யூல்.

கேள்வி: ஜாவாடாக் ஜார் சேர்ப்பது எப்படி?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: 1.2.0இல் சோர்ஸ் ஜார் விட்டுப்போச்சு. எங்கள் ஆபீஸ் ரெப்போவில் (களஞ்சியம்) அதே எண்ணில் ஓவர்ரைட் செய்யலாமா?

பதில்: கூடாது. 1.2.1 போடுங்கள். முன்பே இறக்கியவர்களின் கேஷில் பழையதுதான் இருக்கும். ஒரே எண்ணில் இரண்டு விதமான கோப்புகள் உலவினால் எந்த பில்டையும் நம்ப முடியாது.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் என்பிஎம்மில் எப்படி?

பதில்: அது என் துறை இல்லை.

கேள்வி: மேவன் ஜார் பிளகினை இரண்டு முறை ஓட்டினால், கிளாசிஃபையர் போடு என்று பில்ட் நின்றுவிடுகிறது.

பதில்: இரண்டாவது எக்ஸிக்யூஷனுக்குக் (பிளகினின் இரண்டாவது ஓட்டம்) கிளாசிஃபையர் கொடுங்கள், ஓடும். ஆனால் அந்த ஜாருக்கு வேறு டிபென்டென்சி வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு கேள்விக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.