ஹீட்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டுத் தண்ணீர் ஹீட்டருக்கு 9 வயது. அடியில் தண்ணீர் சொட்டுகிறது. பார்க்க வந்தவர் டேங்க் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். கடையில் ஹீட்டர் விற்கும் விலையைப் போல அது ஒன்றரை மடங்கு இருக்கிறது. இது நியாயமா?

பதில்: தொகை நியாயமா என்பது அப்புறம். தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். ஹீட்டருக்கு அடியில் ஈரம் என்றாலே டேங்க் ஓட்டை என்று அர்த்தம் இல்லை.

சூடாகும்போது மட்டும் பிரஷர் வால்விலிருந்து சொட்டுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் அது கோளாறே இல்லை. தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட 1.4 சதவீதம் விரிகிறது. 15 லிட்டர் டேங்கில் அது ஒரு தம்ளர் அளவு. உள்ளே வரும் குழாயில் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வு இருந்தால், விரிந்த தண்ணீருக்கு வேறு வழியில்லை, பிரஷர் வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள், டேங்க் வெடிக்காமல் காப்பதே அந்த வால்வுதான். ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் விடாமல் ஒழுகினால், வால்வு பழுதாகியிருக்கும் அல்லது குழாயில் அழுத்தம் அதிகமாக இருக்கும். இரண்டுமே டேங்கை மாற்றாமல் தீர்க்கக்கூடியவை.

குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷரோ ஹோஸோ மாற்றினால் போதும். எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பி) பொருத்தியிருக்கும் வட்டத் தட்டைச் சுற்றிக் கசிந்தால் கேஸ்கட் வேலை, அதாவது கசிவைத் தடுக்கும் வளையத்தை மாற்றினால் போதும். வெளி உறையின் அடியிலிருந்தோ ஓர மூட்டிலிருந்தோ துருப்பிடித்த பழுப்புத் தண்ணீர் வந்தால் மட்டும் வந்தவர் சொன்னது சரி. உள் டேங்கை வெல்டு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். உள்பூச்சு போன இடம் ஒன்றோடு நிற்காது.

சரி, டேங்க்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை விலையில் இருப்பது ஹீட்டர் மட்டும்தான். அதன்மேல் பழையதைக் கழற்றும் கூலி, புதியதை மாட்டும் கூலி, இரண்டு இணைப்பு ஹோஸ், புது பிரஷர் வால்வு, சுவர் போல்ட் எல்லாம் உண்டு. பிரஷர் வால்வு சில மாடல்களுடன் பெட்டியிலேயே வரும், அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்களா என்று பாருங்கள். பழைய ஹோஸையும் வால்வையும் புது ஹீட்டரில் போடச் சம்மதிக்காதீர்கள், அங்கே மிச்சம் பிடிப்பது வீண்.

கூலியை ஏற்றிவிடுவது பெரும்பாலும் இடம் பொருந்தாமல் போவதுதான். பழைய மாடலில் மாட்டும் துளைகளுக்கு இடையே இருந்த தூரமும், குழாய் முனைகளுக்கு இடையே இருந்த தூரமும் புதியதில் வேறாக இருக்கும். சுவரைப் புதிதாகத் துளைக்க வேண்டும், குழாயை வெட்டி ஒட்ட வேண்டும். வாங்கும் முன் இந்த இரண்டு தூரத்தையும் அளந்துகொண்டு போனால் இந்தச் செலவில் பெரும்பகுதி வராமலே போகும். கடைக்காரரிடம் லிட்டரும் விலையும் கேட்கிறவர்கள்தான் அதிகம், இதைக் கேட்பவர்கள் குறைவு.

ஆகவே ஒன்றரை மடங்கு என்பது கேட்ட மாத்திரத்தில் கொள்ளை அல்ல. ஆனால் ஒரே தொகையாக எழுதித் தந்த தாளை ஏற்காதீர்கள். பொருள் தனி, கூலி தனி, குழாய் வேலை தனி என்று பிரித்துக் கேளுங்கள். பழைய ஹீட்டரை யார் எடுத்துப் போவது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அதன் உலோகத்துக்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு விலை உண்டு. அதை இலவசமாக அப்புறப்படுத்தித் தருவதாகச் சொல்வது ஒன்றும் தானம் இல்லை.

கேள்வி: ஹீட்டரைப் போட்டால் சில நிமிடத்தில் வீட்டு மின்சாரமே துண்டிக்கப்படுகிறது. இதற்கும் புது ஹீட்டர்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அநேகமாக வேண்டாம். எலிமென்ட்டின் மேலுறையில் நுண்ணிய ஓட்டை விழுந்தால் உள்ளே ஈரம் போய் மின்சாரம் தண்ணீருக்குக் கசியும். மின்கசிவைக் கண்டுபிடிக்கும் சாதனம் உடனே துண்டித்துவிடும். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அந்தச் சாதனத்தைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுக்கிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் மெக்கரால் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) எலிமென்ட்டைச் சோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். டேங்க் நன்றாக இருக்கும்வரை எலிமென்ட், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் மூன்றும் மாற்றக்கூடிய பாகங்களே. சோதித்து முடியும்வரை ஹீட்டரைப் போட வேண்டாம்.

கேள்வி: 7 ஆண்டு வாரண்டி என்று போட்டிருந்தது. 4-ஆம் ஆண்டில் எலிமென்ட் போனதற்குப் பணம் கேட்கிறார்கள். ஏமாற்றா?

பதில்: வாரண்டி அட்டையைப் பாருங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டுக்கணக்கு பெரும்பாலும் உள் டேங்குக்கு மட்டும். எலிமென்ட்டுக்கு அதைவிடக் குறைவு, மற்ற பாகங்களுக்கு இன்னும் குறைவு. அட்டையில் அப்படியே இருந்தால் உங்களுக்கு வழக்கில்லை.

அட்டையை எடுத்த கையோடு ஆனோடு ராடைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள். டேங்குக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி அது. டேங்கின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்கென்றே வைத்தது. கரைந்து முடிந்தபின் அரிப்பு டேங்கின்மேல் திரும்பும். அதைக் குறித்த காலத்தில் மாற்றவில்லை என்றால் டேங்க் வாரண்டி செல்லாது என்று சில நிறுவனங்கள் எழுதியே வைக்கின்றன. உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. உப்பு நீக்கும் கருவி வைத்திருப்பவர்கள் நமக்குக் கவலையில்லை என்று இருந்துவிட வேண்டாம். எலிமென்ட்டில் உப்புப் படிவது குறையும், ஆனால் ராட் முன்னைவிடச் சீக்கிரம் கரையும்.

கேள்வி: மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. மின்சாரச் செலவு குறைய இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கலாமா, ஹீட் பம்ப் வாங்கலாமா?

பதில்: முதலில் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4.19 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.6 யூனிட்டுக்குச் சற்று மேல். எலிமென்ட் வைத்த எந்த ஹீட்டரும் இதில் குறைக்க முடியாது, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. டேங்க் ஹீட்டர்களுக்குள் உண்மையான வித்தியாசம், சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதில்தான். நட்சத்திரக் குறியீட்டில் வேறுபாடு வருவதும் முக்கியமாக அதனால்தான். நாள் முழுதும் போட்டே வைப்பவருக்கு அது முக்கியம். குளிக்கும் முன் போட்டு உடனே அணைப்பவருக்கு அவ்வளவு இல்லை.

இன்ஸ்டன்ட் ஹீட்டர் தண்ணீரைத் தேக்கி வைக்காமல் ஓடும்போதே சூடாக்குவதால், அதில் அந்த இழப்பு அநேகமாக இல்லை. ஆனால் 3 கிலோவாட் ஹீட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் தரும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குச் சரி, ஷவருக்குப் போதாது. ஷவருக்கு ஏற்ற பெரிய இன்ஸ்டன்ட் ஹீட்டருக்குத் தனி வயரிங் இழுக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவு ஹீட்டரின் விலைச்சீட்டில் இருக்காது.

ஹீட் பம்ப் சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் 2 முதல் 4 யூனிட் அளவு சூடு கிடைக்கும். விலை பல மடங்கு, இடமும் காற்றோட்டமும் வேண்டும், சூடாக நேரமும் எடுக்கும். உங்கள் வீட்டில் தினம் நான்கு தடவை 15 லிட்டர் சூடாக்குவதாக இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 890 யூனிட். ஹீட் பம்ப் அதில் பாதிக்கு மேல் மிச்சம் பிடிக்கும். மிச்சம் சுமார் 500 யூனிட் என்று வைத்து, அதை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்குங்கள். இரண்டு ஹீட்டருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அந்தத் தொகையால் வகுங்கள். விடை 5 ஆண்டுக்குள் வந்தால் நான் ஹீட் பம்ப்தான் வாங்குவேன். 10-க்கு மேல் போனால் நல்ல காப்புறை உள்ள சாதாரண டேங்க் ஹீட்டரே போதும்.

அதிலும் பெரிய டேங்க் வேண்டுமா என்று யோசியுங்கள். 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரோடு 25 டிகிரித் தண்ணீரைக் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். ஒருவர் பின் ஒருவராகச் சற்று இடைவெளி விட்டுக் குளிக்கும் வீட்டில் 25 லிட்டருக்குப் போக அவசியமே இல்லை.