எந்த பட்டனை அழுத்தினாலும் 9!

கேள்வி: பைத்தானில் டிகின்டர் (திரையில் ஜன்னல், பட்டன் போட உதவும் நூலகம்) வைத்து 0 முதல் 9 வரை பத்து பட்டன்களை ஒரே லூப்பில் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு லாம்ப்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்), அதனதன் எண்ணைக் காட்ட. ஆனால் எதை அழுத்தினாலும் 9 தான் வருகிறது, ஏன்?

பதில்: உங்கள் லாம்ப்டா எண்ணின் மதிப்பை எடுத்து வைத்துக்கொள்வதில்லை, லூப்பின் ‘எண்’ என்ற மாறியைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. பத்து லாம்ப்டாவுக்கும் அந்த ஒரே மாறிதான். நீங்கள் பட்டனை அழுத்தும்போதுதான் அது போய் மதிப்பைப் பார்க்கிறது, அதற்குள் லூப் எப்போதோ முடிந்து மாறியில் 9 உட்கார்ந்திருக்கும்.

சரி, தீர்வு சின்னதுதான். ‘லாம்ப்டா எண்=எண்: காட்டு(எண்)’ என்று எழுதுங்கள். இதில் ‘எண்=எண்’ என்பது முன்னிருப்பு மதிப்பு, அதாவது வேறெதுவும் அனுப்பாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு. அது லாம்ப்டா உருவாகும் அந்த நொடியிலேயே கணக்கிடப்படுவதால், ஒவ்வொரு பட்டனுக்கும் அதன் எண் தனியாகத் தங்கிவிடும். பைத்தானோடு வரும் ஃபங்க்டூல்ஸில் உள்ள பார்ஷியலும் (ஃபங்ஷனுக்கான மதிப்பை முன்கூட்டியே கட்டி வைப்பது) இதையே செய்யும், எனக்கு அதுதான் பிடிக்கும், படிப்பவருக்கு நோக்கம் உடனே புரிகிறது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். பட்டனை அழுத்தினால் எது ஓட வேண்டும் என்று சொல்ல, கமாண்டுக்குப் பதிலாக பைண்ட் பயன்படுத்தினால் டிகின்டர் ஈவென்ட்டை (நடந்த நிகழ்வின் விவரத்தை) முதல் அளவுருவாக அனுப்பும், அது உங்கள் எண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் ‘லாம்ப்டா ஈவென்ட், எண்=எண்’ என்று எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் லூப் மாறியை ‘வார்’ போட்டு எழுதினாலும் இதே வம்புதான், 2015-இல் வந்த ‘லெட்’ ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி தருகிறது. பைத்தான் லூப் அப்படித் தருவதில்லை.