ஈ பிடிக்கிற பையனுக்கு எதுக்கு மெடிக்கல் சீட்டு?

அம்மா, உங்க மெயில் முழுசா படிச்சேன். பையன் ஸ்கூல் முடிக்கப் போறான், பயாலஜில நல்ல மார்க், ஆனா ராத்திரி பூரா லென்ஸ் வச்சுக்கிட்டு ரெண்டு மில்லிமீட்டர் ஈயைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கான், ரூம்ல எங்க பார்த்தாலும் குட்டி பாட்டில், இதைப் பார்த்த பெரியப்பா "கடனை வாங்கியாவது மெடிசின்ல சேர்த்து விடு, தானா சரியாயிடுவான்"னு சொல்லிட்டுப் போயிட்டார். உங்க பயம் புரியுது. ஆனா ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல. பெரியப்பா சொல்றது தப்பு.

ரத்தம் பார்த்தாலே ஒதுங்கிப் போற பையன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவனை அத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில நிறுத்தி வைக்க, வீட்டை அடமானம் வைக்கணுமா? டாக்டர், இன்ஜினியர் வழியெல்லாம் சொல்ல உங்க சொந்தக்காரங்களே போதும், நான் அதுக்குள்ள போகல. அவன் பாட்டில்ல இருக்கிற விஷயத்துக்கு வர்றேன்.

ஈ, கொசு எல்லாம் ஒரே வரிசை, டிப்டெரான்னு பேரு. ரெண்டே ரெக்கை, பின் ரெக்கை இருக்க வேண்டிய இடத்துல பறக்கும்போது பேலன்ஸ் பண்ண ரெண்டு குட்டிக் குமிழ். இதுவரை பேர் வச்சது மட்டுமே ஒன்றரை லட்சம் வகைக்கு மேல, பேர் வைக்காம கிடக்கிறது இன்னும் ஏராளம். தாய்லாந்துல பிடிச்ச ஒரு ஈக்கு 2012ல யூரிப்ளாட்டியா நானக்நிஹாலின்னு பேர் வச்சாங்க, மொத்த நீளமே 0.4 மில்லிமீட்டர்தான். அது ஃபோரிட் குடும்பம். உங்க பையன் கூன் முதுகு ஈன்னு உங்ககிட்ட காட்டினானே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒரு தடவை அவன் லென்ஸ்ல நீங்களும் பாருங்கம்மா. முதுகு மேடா தூக்கியிருக்கும், ரெக்கையோட முன் ஓரத்துல தடிச்ச நரம்பு, அதுக்குப் பின்னாடி மெல்லிசா சாய்வா சில கோடு. இதை வச்சு குடும்பத்தைச் சொல்லிடலாம், ஆனா இன்ன வகைன்னு சொல்ல பெரும்பாலும் ஆண் ஈயோட பின்முனை உறுப்பைத் தனியா எடுத்து, மருந்துல ஊற வச்சு சுத்தம் பண்ணி, மைக்ராஸ்கோப்ல பார்த்து, பேரைக் கண்டுபிடிக்க உதவுற கீ புத்தகத்துல ஒவ்வொரு கேள்வியா தாண்டிப் போகணும். இந்த வயசுல ஒருத்தன் இதை யாரும் சொல்லாம தானா செய்றான்னா அது சாதாரண விஷயமே இல்ல.

அவன் சோப்புத் தண்ணி ஊத்தி வைக்கிற மஞ்சள் கிண்ணம் விளையாட்டுச் சாமான் இல்லம்மா, ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் பிடிக்கிறாங்க. மஞ்சள் நிறம் நிறைய பூச்சியை இழுக்கும், ஒரு சொட்டு சோப்பு விட்டா தண்ணி மேல நிக்க முடியாம உள்ள முழுகிடும். அப்புறம் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாத்தணும், டிஎன்ஏ எடுக்கணும்னா 95 சதவீதம். லேபிள் விஷயத்துல மட்டும் அவன்கிட்ட கண்டிப்பா இருங்க. எங்க, என்னைக்கு, எப்படி, யார் பிடிச்சதுன்னு எழுதாத ஈயை எந்த மியூசியமும் மதிக்காது.

சரி, சோறு போடுமான்னு கேட்டீங்க. வெளிநாட்டுல இருந்து இறங்குற பூ, காய்கறியில இலைக்குள்ள சுரங்கம் போடுற ஈ இருக்கான்னு குவாரன்டைன்ல பார்க்கணும். காளான் பண்ணையை சியாரிட், ஃபோரிட் ஈக்கள் நாசம் பண்ணும். காலா அசார்ங்கிற கருங்காய்ச்சல் நோயைப் பரப்புறது மணல் ஈ. ஆத்துத் தண்ணி எவ்வளவு கெட்டிருக்குன்னு தண்ணிக்குள்ள வளர்ற கைரானோமிட்ங்கிற ஈ வகையோட புழுக்களை வச்சு கணிக்கிறாங்க. ஏன், கோகோ பூவுல மகரந்தம் சேர்க்கிறதே முக்கியமா குட்டி மிட்ஜ் ஈக்கள்தான், அது இல்லாம சாக்லேட் ஏது? இங்கெல்லாம் "இது எந்த ஈ"ன்னு தப்பில்லாம சொல்ல ஆள் வேணும். டிஎன்ஏல ஒரு சின்னத் துண்டைப் படிச்சே வகையைச் சொல்ற டிஎன்ஏ பார்கோடு வந்தாச்சேன்னு யாராவது கேட்டா, அந்த பார்கோடு எந்த ஈயோடதுன்னு முதல்ல பேர் சொல்லி வைக்கவும் ஒரு நிபுணர் தேவைன்னு சொல்லுங்க.

ஒண்ணை மறைக்க மாட்டேன். ஈயை வகைப்படுத்துறதுக்குன்னே இருக்கிற வேலை ரொம்பக் குறைவு, அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. அதனால விலங்கியல் இல்லன்னா வேளாண்மை டிகிரி, அதுக்கு மேல பூச்சியியல், கூடவே டிஎன்ஏ லேப் வேலையும் புள்ளியியலும் கத்துக்கட்டும். பயிர்ப் பாதுகாப்பு, நோய்க் கட்டுப்பாடுன்னு எந்தப் பக்கம் போனாலும் ஈயைப் பார்க்கப் பழகின கண்ணு கூடவே வரும். இப்பவே பக்கத்து மியூசியத்துலயோ காலேஜ் பூச்சியியல் துறையிலயோ லீவு நாள்ல உதவிக்கு வரட்டுமான்னு அவனையே எழுதிக் கேட்கச் சொல்லுங்க, நீங்க எழுதாதீங்க.

செலவைப் பத்தியும் சொல்லிடறேன். கேமரா வச்ச புது மைக்ராஸ்கோப் வேணும்னு அடம்பிடிப்பான், வேண்டாம். 10ல இருந்து 40 மடங்கு பெருசா காட்டுற ரெண்டு கண்ணாலயும் பார்க்கிற பழைய ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் இப்போதைக்குத் தாராளம். ஆல்கஹால் பாட்டில் அடுப்புப் பக்கம் வரவே கூடாது, பாதுகாக்கப்பட்ட காட்டுல அனுமதி வாங்காம ஒரு ஈ கூடப் பிடிக்கக் கூடாது, இது ரெண்டுலயும் விட்டுக்கொடுக்காதீங்க. பெரியப்பா அடுத்த தடவை வந்து லோன் பேச்சை எடுத்தா, பையனைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு அவன் முன்னாடியே முடியாதுன்னு சொல்லிடுங்க. அந்த பேப்பர்ல மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்கம்மா.