சிறை தந்ததா அந்தக் குரலை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிறையிலிருந்து எழுத வந்த அமெரிக்கக் கவிஞர் ஜிம்மி சாண்டியாகோ பாக்கா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அவ்வளவு அடிபட்டவருக்கு உண்மை தானாக வரும். நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறேன். வளையலை அடகு வைக்க வந்த ஒரு பாட்டியைப் பற்றி எழுதிய கவிதையை இணைத்திருக்கிறேன். எனக்கே பொய்யாகத் தெரிகிறது. எதுவுமே நடக்காத வாழ்க்கையிலிருந்து எழுத முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அடிபட்டால் உண்மை தானாக வந்துவிடாது. அரிசோனாவின் ஃப்ளாரன்ஸ் சிறையில் பாக்காவோடு இருந்தவர்களில் அடிபடாதவர் யார்? 1952இல் நியூ மெக்சிகோவில் பிறந்தார், பெற்றோர் கைவிட்டார்கள், அநாதை இல்லம், தெரு, இருபதுகளின் தொடக்கத்தில் போதைப்பொருள் வழக்கு. துன்பம் இவ்வளவு சேர்ந்த பிறகும் அவர் கவிஞராகிவிடவில்லை.

அவரை எழுத வைத்தது வாசிப்பு. காவலில் இருந்தபோது அங்கே வேலை பார்த்த பெண்ணின் கல்லூரிப் பாடப்புத்தகத்தைத் திருடிக்கொண்டு போய், இரவில் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். குளம், சிற்றலை என்று ஒவ்வொரு சொல்லாக. அப்புறம்தான் பென்சிலைப் பல்லால் சீவி, நோட்டை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

1979இல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்பின் தலைப்புக் கவிதை, சிறைக்குள் வருபவர்களைப் புது நாட்டில் வந்து இறங்குபவர்களாகப் பார்க்கிறது. வாசலில் புதிய காகிதங்கள் தருகிறார்கள். பழைய துணியை வாங்கிக்கொண்டு மெக்கானிக் போடுகிற மாதிரி உடுப்பு தருகிறார்கள். ஊசி போடுகிறார்கள். அந்த வரிகளில் ஒப்பாரி கிடையாது. 'நாங்கள்' என்றுதான் சொல்கிறார். அந்த வரிசையில் அவரும் நிற்கிறார்.

2001இல் வந்த தன்வரலாற்றில் இன்னும் கடினமான ஓர் இடம் உண்டு. ஒரு கைதியைக் கொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறார். கொன்றுவிட்டு எப்படிக் கவிஞனாக இருப்பாய் என்று அவர் படித்த ஸ்பானிய மொழிக் கவிஞர்கள் நெரூதாவும் லோர்காவும் மனதுக்குள் கேட்கிறார்கள். அந்தக் கைதி பிழைத்துக்கொள்கிறான். ஆனால் கொல்லும் ஆசையும் அதே அளவு பலமாக இருந்தது என்று பாக்கா எழுதிவைக்கிறார். அதை விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என்னைப் பொறுத்தவரை அவருடைய உண்மை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் கவிதையில் பாட்டியின் சுருங்கிய கை இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. வளையலை உரசிப் பார்த்து எடை போட்டது யார்? கிராமுக்கு இவ்வளவுதான் தர முடியும் என்று சொன்னபோது உங்களுக்கு என்ன தோன்றியது? பரிதாபமா, எரிச்சலா, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே என்றா? எதுவானாலும் சரி, அதை எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.